‘ஏன்’ என்று கேளாத பிள்ளை: குந்தர் கிராஸும் அவர் காலத்து எழுத்தும்

டான்சிக் நகரின் லாங்ஃபூர் பகுதியில் ஒரு மளிகைக்கடை. கடையோடு சேர்ந்து இரண்டே அறை கொண்ட வீடு. கழிப்பறை படிக்கட்டு ஓரத்தில், மற்றக் குடித்தனங்களுக்கும் பொது. பையனுக்குத் தனியறை கிடையாது. சன்னலுக்குக் கீழே இருந்த சிறு மாடம் மட்டும் அவனுடையது. புத்தகங்கள், வண்ணப்பெட்டி, சிகரெட் கூப்பன்களைக் கொடுத்து வாங்கிய ஓவியப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். 1927இல் பிறந்த ஜெர்மன் எழுத்தாளர் குந்தர் கிராஸ் வளர்ந்த வீடு இது. அவர் அம்மாவின் செல்லப்பிள்ளை. கடன் நோட்டைக் கையில் கொடுத்துப் பாக்கி வசூலிக்க அனுப்பி, அதற்குக் கமிஷனும் தந்தவர் அம்மா. அப்பாவோடு ஒட்டவே இல்லை. பதினைந்து வயதில், நீர்மூழ்கிக் கப்பல் படையில் சேர அந்தப் பையன் தானாகவே போய்ப் பெயர் கொடுத்தான்.

போருக்குப் பிந்தைய ஜெர்மன் இலக்கியத்தைக் குற்றம், இடிபாடு, பிரிவினை என்ற தலைப்புகளில் வாசிப்பதே வழக்கம். அதே புத்தகங்கள் பிள்ளை வளர்ப்பின் ஆவணங்களும்கூட. எந்த வீட்டில் எதைப் பேச முடிந்தது, எதைப் பேச முடியாமல் போனது என்று அவை அளவுக்கு நேர்மையாகப் பதிவு செய்த எழுத்தை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

கிராஸைவிடப் பத்து வயது மூத்தவர் ஹென்ரிச் ப்யோல். ‘இந்தப் பையன் என்ன ஆகப்போகிறானோ’ என்று தமிழில் சொல்லத்தக்க சிறு நூலை 1981இல் வெளியிட்டார். 1933 முதல் 1937 வரையிலான தன் பள்ளி நாட்களைப் பற்றியது. கொலோன் நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தச்சுப் பட்டறை நொடித்து, கையில் காசில்லை. பையன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தெருத்தெருவாகச் சுற்றுகிறான். ஆனால் ஹிட்லர் இளைஞர் படையில் சேரவில்லை. அந்த வீட்டில் ஹிட்லரை வாய்விட்டுத் திட்டலாம். அம்மாவே திட்டுவார். தொழில் பிழைக்க வேண்டுமென்று குடும்பமே கூடிப்பேசி, மூத்த மகன் ஒருவனை ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படையில் சேர்த்ததையும் ப்யோல் மறைக்கவில்லை. சமரசம் நடந்தது. அதைச் சமரசம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்படி நடத்தினார்கள்.

கிராஸின் வீட்டில் அது நடக்கவில்லை. அம்மாவின் நெருங்கிய உறவினர் ஃபிரான்ஸ், போலந்து அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர். 1939 செப்டம்பரில் ஜெர்மானியர் தாக்கியபோது அந்தக் கட்டடத்தைக் காத்து நின்றவர்களில் ஒருவர். பின்னர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதோடு அவர் பெயர் அந்த வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்தது. அவருடைய பிள்ளைகளும் விளையாட வரவில்லை. பன்னிரண்டு வயதுக் குந்தர் ஏனென்று கேட்கவில்லை. ‘வெங்காயம் உரிக்கையில்’ (2006) என்ற தன்வரலாற்றில் கிராஸ் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கும் காயம் இதுதான்.

அதே நூலில் இன்னொரு பையன் வருகிறான். கட்டாய உழைப்புச் சேவை முகாமில் கூட இருந்தவன். எல்லா வேலையிலும் முதல்வன். துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் மட்டும் கீழே போட்டுவிடுவான். இதெல்லாம் நாங்கள் செய்வதில்லை என்பதே அவன் பதில். தண்டித்தார்கள், அடித்தார்கள், ஒருநாள் கொண்டுபோய்விட்டார்கள். அவன் போனதும் தனக்கு ஏற்பட்டது துக்கமல்ல, நிம்மதி என்று கிராஸ் எழுதுகிறார். பதினாறு வயது மனத்தை இவ்வளவு கண்டிப்போடு திறந்துகாட்டிய பக்கங்கள் அரிது.

சீக்ஃபிரீட் லென்ஸின் ‘ஜெர்மன் பாடம்’ (1968) கீழ்ப்படிதலின் கதை. சிறார் சீர்திருத்த இல்லத்தில் இருக்கும் சிகி, கடமையின் இன்பங்கள் என்ற தலைப்பில் கட்டுரை எழுத வேண்டும். அவன் வெற்றுத்தாளை நீட்டுகிறான். சொல்ல அவ்வளவு இருப்பதால்தான் எழுத முடியவில்லை. ஓவியர் ஒருவர் வரையக்கூடாது என்ற நாஜி அரசின் ஆணையைக் காவலரான அவன் அப்பா, ஆட்சி மாறிய பிறகும் விடாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பதிலாகத்தான் தான் உள்ளே இருப்பதாக மகன் நினைக்கிறான்.

பெண்பிள்ளைகள் இந்த எழுத்தில் குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பவர் கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்டா வோல்ஃப். ‘குழந்தைமையின் வார்ப்புகள்’ (1976) நாவலில், போலந்து வசமாகிவிட்ட சொந்த ஊருக்கு அம்மா தன் பதின்வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகிறார். ஹிட்லரை நம்பிய சிறுமியாகத் தான் இருந்ததை, கேள்வி கேட்கும் மகளின் முன்னால் சொல்லத் தடுமாறுகிறார். ஊவே டிம்முக்கோ கேட்க ஆளே மிஞ்சவில்லை. பதினெட்டு வயதில் நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்ந்து 1943இல் உக்ரைனில் இறந்த அண்ணனைப் பற்றி, பெற்றோரும் அக்காவும் மறைந்த பிறகே 2003இல் அவரால் நூல் எழுத முடிந்தது.

கிராஸ் தந்தையானபோது பேசும் வீட்டை உண்டாக்க முயன்றார். ‘உள்ளூர் மயக்கம்’ (1969) நாவலில், வியட்நாமில் நேபாம் குண்டு வீசுவதைக் கண்டித்து பெர்லின் தெருவில் தன் நாயைக் கொளுத்தப்போவதாகப் பதினேழு வயது மாணவன் சொல்கிறான். அவனுடைய ஆசிரியர் அதட்டவில்லை. பேசிப் பேசியே தடுக்கப் பார்க்கிறார். ஜெர்மன் விமர்சகர்கள் அன்று இந்த நாவலைச் சரியாக வரவேற்கவில்லை. வளரிளம் பிள்ளையோடு வாதாடுவதன் களைப்பையும் கண்ணியத்தையும் இதைவிட நன்றாக அவர் எங்கும் எழுதவில்லை என்பேன். ‘ஒரு நத்தையின் நாட்குறிப்பிலிருந்து’ (1972), அரசியல் தலைவர் வில்லி பிராண்டுக்காக ஊர் ஊராகத் தேர்தல் பிரசாரம் செய்தது ஏன் என்று தன் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லும் நூல். டான்சிக் யூதர்கள் விரட்டப்பட்ட கதையையும் அவர்களுக்குச் சொல்கிறார்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. 1944இல், பதினேழு வயதில், தான் வாஃபன் எஸ்.எஸ். படைப்பிரிவில் சேர்க்கப்பட்டதை. போர்வீரனாக இருந்ததையும் இறுதிவரை ஹிட்லரை நம்பியதையும் ஒப்புக்கொண்டவர், இதை உலகுக்குச் சொன்னது 2006இல், எழுபத்தெட்டாவது வயதில். அவர் மேல் எழுந்த கோபம் நியாயமானது. அறுபது ஆண்டு மௌனம், தான் குறைசொன்ன பெற்றோரின் மௌனத்தைவிட நீளமானது. ஆனால் இதைச் சொன்ன ‘வெங்காயம் உரிக்கையில்’ நூலை எழுதாமலே அவர் போயிருக்கவும் முடியும், எழுதினார். 2008இல் வந்த ‘பெட்டி’யில் எட்டுப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எப்போதும் எழுத்தறையிலேயே கிடந்த அப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்கள் குரலையும் அப்பாதான் எழுதுகிறார். அதனால் அந்த நூல் பாதிதான் நம்மைத் தொடுகிறது.

இந்த எழுத்துக்குள் புதிதாக நுழைபவர்கள் ப்யோலின் சிறு நூலிலிருந்து தொடங்கலாம். அடுத்து, கிராஸின் ‘வெங்காயம்’, முதல் மூன்று அத்தியாயங்களாவது. வீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால், துப்பாக்கியைக் கீழே போட்ட அந்தப் பையனின் பக்கங்களை அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள்.