ரத்தம் வந்து சேராத கதை

எங்கள் குடும்பத்தில் சீன முகம் கொண்ட ஓர் அத்தை உண்டு. சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவிய பாட்டி, டவுனில் ஒரு சீனக் குடும்பம் கொடுத்த பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார். நம்மில் பலருக்கும் இப்படி ஓர் அத்தையோ சித்தியோ இருப்பார். அந்த அத்தையோடு உட்கார்ந்துதான் ‘களத்தூர் கண்ணம்மா’வை முதன்முறையாக முழுசாகப் பார்த்தேன்.

1960இல் ஏ.வி.எம். தயாரித்து பீம்சிங் இயக்கிய படம். கமல்ஹாசனுக்கு முதல் படம். ஜமீன்தார் மகனுக்கும் கண்ணம்மாவுக்கும் பிறக்கும் குழந்தை இறந்துவிட்டதாகச் சொல்லி, அவள் அப்பாவே அதை அனாதை ஆசிரமத்தில் சேர்த்துவிடுகிறார். அந்தப் பிள்ளைதான் செல்வம். எம்.எஸ். ராஜேஸ்வரியின் குரலில் அவன் சாமியைப் பார்த்துப் பாடும்போது இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

ஆனால் நாம் அழுவது ஓர் அனாதைக்காக. படம் தரும் ஆறுதலோ, ‘இவன் அனாதையே இல்லை’ என்பது. பெற்றவர்கள் ஒன்றுசேர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. கூட வளர்ந்த, நிஜமாகவே யாருமில்லாத பிள்ளைகளுக்குப் படத்திடம் பதில் இல்லை. அத்தை இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: “இத்தன நாளு சோறு போட்டவங்க யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டாங்க, பாத்தியா தம்பி.”

42 வருடம் கழித்து மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ இதைத் திருப்பிப் போட்டது. அமுதா இலங்கை வரை போய்ப் பெற்ற தாயைப் பார்க்கிறாள். அந்தத் தாய் போராளி, கூட வர மறுக்கிறாள். முத்தம் வளர்த்த இந்திராவுக்குத்தான். தமிழ் சினிமாவில் இது பெரிய தாண்டல். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வளர்த்தவளின் அன்பு உறுதிப்பட, அவள் கடல் தாண்டிப் போய் பெற்றவள் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. ரத்தம்தான் இங்கேயும் பரீட்சை வைக்கிறது.

அத்தை பெற்ற தாயைத் தேடியதே இல்லை. அவர் அலைந்தது ஐ.சி.க்காக. மலாயாவில் 1952இலேயே தத்தெடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகள் வாய்ப்பேச்சிலேயே கை மாறினார்கள். பாட்டியும் எதையும் பதியவில்லை. அத்தை ரொம்ப வருடம் சிவப்பு ஐ.சி.யோடுதான் இருந்தார். அமுதா தாயிடம் கேட்டது, ஏன் விட்டுட்டுப் போனீங்க என்று. அத்தையிடம் ஒவ்வொரு கவுண்டரிலும் கேட்டது, நீ யார் பிள்ளை என்று. அவர் ஒவ்வொரு முறையும் பாட்டியின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டு படங்களும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அத்தையின் கதை இரண்டிலும் இல்லை. அதில் யாரும் தேடி வரவில்லை, யாரும் தேடிப் போகவும் இல்லை. பாட்டி படுக்கையில் விழுந்தபோது கடைசி வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் அத்தைதான். அந்தக் கதையை நாம்தான் எழுத வேண்டும்.