கட்டணம் கட்டி ஆடும் ஆட்டம்

ஏப்ரல் பிறந்ததும் நம் நகரச் சுவர்களில் ‘சம்மர் கேம்ப்’ சுவரொட்டிகள் முளைக்கின்றன. கிரிக்கெட், செஸ், ஸ்கேட்டிங், நீச்சல், சிலம்பம் என்று எல்லாம் உண்டு. பல முகாம்கள் கோடையோடு முடிவதும் இல்லை. பள்ளி திறந்த பிறகு மாலை நேர ‘கோச்சிங்’ ஆகத் தொடர்கின்றன. பிள்ளை விளையாடுகிறானா என்று கேட்டால், நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோர் பலரும் இன்று ஓர் அகாடமியின் பெயரைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள். அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

அகாடமி தருவதைக் குறைத்துச் சொல்ல முடியாது. சதுரங்கத்தில் 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். இடைப்பட்ட காலத்தில் சென்னை சதுரங்கத்தின் ஊராக மாறியதற்குப் பயிற்சியாளர்களும், ஓயாமல் நடந்த போட்டிகளும், பிள்ளையின் கைபிடித்து ஊர் ஊராய் அலைந்த பெற்றோரும் காரணம். திண்ணையில் தானாக விளைந்த பயிர் அல்ல அது.

அகாடமிக்கு இதைவிட வலுவான சான்று பெண் பிள்ளைகள். வயதுக்கு வந்த மறுநாளே தெரு ஆட்டத்திலிருந்து நிறுத்தப்பட்ட சிறுமிகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். ஜெர்சி போட்டு, ஷூ மாட்டி, பயிற்சிக்கு என்று கிளம்பும் பெண்ணை அவ்வளவு எளிதில் யாரும் தடுப்பதில்லை. பழைய தெரு ஆட்டங்களை எண்ணி உருகுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை. ஊர்த்தெருக் கூட்டத்தில் காலனிப் பிள்ளை சுலபமாகச் சேர்ந்துவிடவில்லை என்பதையும், கிட்டிப்புள் பட்டுக் கண்ணில் காயம்பட்டவர்கள் உண்டு என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. தெருவைச் சொர்க்கமாக வரைவது வரலாறு ஆகாது.

இருந்தும் அந்தத் தெருவில் ஒன்று இருந்தது, எந்த அகாடமியின் பாடத்திட்டத்திலும் அதற்கு இடமில்லை. சா பூ த்ரீ போட்டு அணி பிரிப்பதிலேயே அது தொடங்கிவிடும். பந்து எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டினால் சிக்ஸரா, அவுட்டா? மட்டை யாருடையதோ அவனுக்கு எத்தனை முறை சலுகை? தம்பியை விட்டுவிட்டு வர முடியாத அக்காவுக்காக அந்தத் தம்பியை ‘ஒப்புக்குச் சப்பாணி’ ஆகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஓடலாம், கத்தலாம், ஆனால் அவுட் ஆக மாட்டான். அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனுக்கு என்ன தண்டனை என்பதையும் அங்கேயே பேசி முடிப்பார்கள். இத்தனை சட்டமும் பெரியவர் ஒருவரும் இல்லாமல் இயற்றப்பட்டவை.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளின் நீதியுணர்வை ஆராயப் புறப்பட்டபோது, சிறுவர்கள் கோலி ஆடுவதைக் கவனித்தார். 1932இல் வந்த அவருடைய நூல் அந்தக் கோலி விதிகளிலிருந்துதான் தொடங்குகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது மேலிருந்து வந்தது, மாற்றக் கூடாதது. பத்துப் பதினொரு வயதை ஒட்டியவர்களோ, எல்லோரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்றார்கள். சக வயதினரோடு ஆடி, தகராறு செய்து, மறுபடி கூடி வருவதில்தான் அந்த மாற்றம் நிகழ்கிறது என்பது பியாஜேயின் முடிவு.

தெருவில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: பிடிக்கவில்லை என்றால் போய்விடலாம். கேப்டன் ரொம்பவும் ஆட்டிப்படைத்தால் நான்கு பேர் வீட்டுக்குக் கிளம்புவார்கள், ஆட்டம் நின்றுவிடும். ஆட்டம் நடக்க வேண்டுமானால் அவன் இறங்கி வந்தே தீர வேண்டும். அகாடமியில் அப்படிக் கிளம்ப முடியாது. மூன்று மாதக் கட்டணம் கட்டியாயிற்று. தகராறு முளைத்தால் விசில் ஊதிப் பயிற்சியாளர் தீர்த்துவிடுவார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். பிள்ளை நேர்த்தியான ஃபார்வர்டு டிஃபென்ஸோடு வீடு திரும்புகிறான். விட்டுக்கொடுக்கவோ அடம்பிடித்து வாதாடவோ அவனுக்கு வாய்ப்பே வரவில்லை.

ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை (1989) தன் 31ஆம் பிரிவில் விளையாடும் உரிமையைச் சொல்கிறது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றது. அந்தப் பிரிவுக்கு 2013இல் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு தந்த விளக்கம், குழந்தைகளே தொடங்கி, தாங்களே கட்டுப்படுத்தி, தாங்களே வடிவமைப்பதுதான் விளையாட்டு என்கிறது. இந்த அளவுகோலை வைத்தால் நம் கோச்சிங் வகுப்புகளில் பெரும்பாலானவை தேறாது. அவை நல்ல வகுப்புகளாக இருக்கலாம், விளையாட்டு அல்ல.

பணம் அடுத்த சிக்கல். 2024இல் சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் கையில் விட்டு, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றது. நல்ல வேளை. பள்ளிகளின் கதை வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. திடல் இருக்கும் பள்ளியிலும் அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். திரும்பக் கொடுத்ததாக எந்த மாணவனும் சொல்லி நான் கேட்டதில்லை.

பயிற்சியாளர்கள் மனம் வைத்தால் ஓரளவு சரிசெய்யலாம். ஒன்றரை மணி நேர வகுப்பில் கடைசி அரை மணியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓரமாக உட்காரலாம். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ‘காசு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்று முதலில் புகார் சொல்லப் போகிறவர்கள் பெற்றோராகத்தான் இருப்பார்கள்.

ஆர்வமும் திறமையும் உள்ள பிள்ளையைத் தாராளமாகப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அந்த நேரத்தை டியூஷன் கணக்கில் எழுதுங்கள். விளையாட்டுக்கு என்று வேறு நேரம் ஒதுக்குங்கள். அதற்கு இடமும் வேண்டும். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை தொங்கினால், அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து அதைக் கழற்றச் சொல்லுங்கள்.