தெரனோஸ் அவையில் தளபதிகள்

தெரனோஸ் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2003ஆம் ஆண்டு எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கிய இரத்தப் பரிசோதனை நிறுவனம். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டே நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்று அது அறிவித்தது. 2014இல் அதன் மதிப்பு ஏறத்தாழ 900 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. 2018இல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

இந்த வீழ்ச்சியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஹோம்ஸ் என்ற ஒருவரைச் சுற்றியே நடக்கிறது. அவர் சொன்னதைப் பிறர் நம்புவதற்குத் துணைநின்ற பெயர்கள் குறைவாகவே பேசப்படுகின்றன. அவற்றுள் ஓய்வுபெற்ற உயர் இராணுவ அதிகாரிகளின் பெயர்கள் முக்கியமானவை. போர்ப்படையில் சேர்த்த நம்பிக்கையை ஒரு தனியார் நிறுவனத்தின் அவைக்குக் கொண்டுசெல்லும்போது என்ன நேர்கிறது என்பதற்குத் தெரனோஸ் தெளிவான எடுத்துக்காட்டு.

அவையில் இருந்தவர்கள்

தெரனோஸின் இயக்குநர் அவையில் முன்னாள் வெளியுறவு அமைச்சர்களான ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிசிஞ்சர், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, செனட் சபையின் ஆயுதப்படைக் குழுத் தலைவராக இருந்த சாம் நன் ஆகியோர் இருந்தனர். படைத்துறையிலிருந்து நேரடியாக வந்தவர்கள் இருவர். ஒருவர் 2007 முதல் 2011 வரை அமெரிக்கக் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்த அட்மிரல் கேரி ரஃப்ஹெட். மற்றவர் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களை மேற்பார்த்த மத்தியக் கட்டளையகத்தின் தலைவராக 2010 முதல் 2013 வரை இருந்த ஜெனரல் ஜேம்ஸ் மாட்டிஸ்.

மருத்துவம் படித்தவர்கள் இல்லாமல் இல்லை. முன்னாள் செனட்டர் பில் ஃபிரிஸ்ட் அறுவை மருத்துவர். வில்லியம் ஃபேகி தொற்றுநோயியல் வல்லுநர். ஆனால் ஆய்வகத்தில் இரத்தம் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அந்த வரிசையில் இல்லை. இரத்தம் சோதிக்கும் நிறுவனம், போரும் வெளியுறவும் அறிந்த பெரியவர்களால் நிரம்பியிருந்தது.

2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழ் நிறுவனத்தின் கருவிகளைப் பற்றிய ஐயங்களை வெளியிட்டது. அதே மாதம் நிறுவனம் தன் அவைகளை மாற்றி அமைத்தது தெரியவந்தது. ரஃப்ஹெட்டும் கிசிஞ்சரும் ஷுல்ட்ஸும் ஆலோசகர் அவைக்கு மாற்றப்பட்டனர். மாட்டிஸ் இயக்குநராகவே தொடர்ந்தார். ஆய்வகத் துறை வல்லுநர்களைக் கொண்ட அறிவியல், மருத்துவ ஆலோசனைக் குழு 2016 ஏப்ரலில்தான் அறிவிக்கப்பட்டது. அப்போது நிறுவனம் தொடங்கிப் 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தக் கால வரிசை ஒன்றே பழைய அவை எதற்காக அமைக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் 'முன்னிலை' என்று அச்சிடப்படும் பெயர்களின் வேலையைத்தான் அது செய்தது. பெயரைப் பார்த்துக் கூட்டம் வரும். மேடையில் நடப்பதற்கு அந்தப் பெயர் பொறுப்பேற்காது.

கேள்வி கேட்ட அதிகாரி

மாட்டிஸ் 2011இல், பணியில் இருந்தபோதே, ஹோம்ஸைச் சந்தித்தார். சிறிய கருவி, சில துளி இரத்தம், விரைவான முடிவு என்ற எண்ணம் அவரைக் கவர்ந்தது. காயமுற்ற வீரர்களைப் பார்த்த தளபதி அப்படி விரும்பியதில் குறை காண முடியாது. கருவியைப் படைப்பிரிவில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

அத்திட்டத்தை ஆராய்ந்தவர் இராணுவ மருத்துவப் பிரிவில் ஒழுங்குமுறை விதிகளைக் கவனித்துவந்த ஒரு லெப்டினன்ட் கர்னல். இக்கருவிக்கு உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் உண்டா என்று அவர் கேட்டார். தேவையில்லை என்று நிறுவனம் வாதிட்டது. அவர் அந்த விளக்கத்தை ஏற்காமல் நிர்வாகத்திடமே கருத்துக் கேட்டார். அதன் தொடர்ச்சியாக 2012இல் ஆய்வாளர் ஒருவர் நிறுவனத்துக்கு வந்து பார்த்தார். உடனே ஹோம்ஸ் மாட்டிஸுக்கு மின்னஞ்சலில் முறையிட்டார். மாட்டிஸ் இச்சிக்கலைத் தீர்க்க உதவும்படி தம் அலுவலர்களைக் கேட்டுக்கொண்டார். லெப்டினன்ட் கர்னல் டாம்பாவில் உள்ள தலைமையகத்துக்குச் சென்று, நான்கு நட்சத்திரத் தளபதியின் முன் நின்று, விதிகளை விளக்க வேண்டியதாயிற்று.

மாட்டிஸின் பக்கமும் சொல்லப்பட வேண்டும். அவர் விளக்கத்தைக் கேட்டார். வழக்கமான கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரம்புக்குட்பட்ட சோதனைக்கு உடன்பட்டார். ஆனால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. மாட்டிஸ் 2013இல் ஓய்வுபெற்றார். அதே ஆண்டு தெரனோஸ் அவையில் சேர்ந்தார்.

விமர்சனத்துக்குரிய இடம் இதுதான். தாம் கேட்ட சோதனை நடக்கவில்லை என்பதை அறிந்த ஒருவர், அதன் முடிவு தெரியாமலேயே அந்த நிறுவனத்துக்குத் தம் பெயரைத் தந்தார். சரியான கேள்வியைக் கேட்டவரோ தரவரிசையில் பல படிகள் கீழே இருந்தவர். அந்தக் கேள்வி அவருடைய வேலைக்கு உட்பட்டது. அதற்கான விடையை எங்கே தேடுவது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

போர்க்களம் என்ற விளம்பரம்

தளபதிகளின் பெயர் எப்படிப் பயன்பட்டது என்பதை அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2018 மார்ச்சில் தொடுத்த வழக்கு காட்டுகிறது. ஆணையத்தின் குற்றச்சாட்டுப்படி, தெரனோஸ் கருவிகள் ஆப்கானிஸ்தான் போர்க்களத்திலும் காயம்பட்டோரை ஏற்றிச்செல்லும் ஹெலிகாப்டர்களிலும் பயன்படுகின்றன என்று முதலீட்டாளர்களிடம் சொல்லப்பட்டது. 2014இல் 10 கோடி டாலருக்கு மேல் வருவாய் வரும் என்றும் சொல்லப்பட்டது. உண்மையில் பாதுகாப்புத் துறை அக்கருவியைக் களத்தில் ஒருபோதும் பயன்படுத்தவில்லை. அவ்வாண்டு நிறுவனத்தின் செயல்பாட்டு வருவாய் ஒரு லட்சம் டாலருக்குச் சற்றே கூடுதல்.

போர்க்களத்தில் பயன்படுகிறது என்ற கூற்றை வேறு எந்த நிறுவனம் சொல்லியிருந்தாலும் முதலீட்டாளர் சான்று கேட்டிருப்பார். இங்கே ஆப்கானிஸ்தான் போரையே மேற்பார்த்த தளபதி அவையில் அமர்ந்திருந்தார். அவர் வாய் திறக்கவே தேவையில்லை. அங்கே இருந்ததே சான்றாகத் தோன்றியது.

மாட்டிஸ் மீதோ ரஃப்ஹெட் மீதோ குற்றச்சாட்டு எதுவும் இல்லை. 2021 செப்டம்பரில் ஹோம்ஸ் வழக்கில் மாட்டிஸ் அரசுத் தரப்புச் சாட்சியாகவே நின்றார். அவை உறுப்பினராக ஆண்டுக்கு 1,50,000 டாலர் பெற்றதையும், தம் சேமிப்பிலிருந்து ஏறத்தாழ 85,000 டாலர் முதலீடு செய்ததையும் நீதிமன்றம் கேட்டது. நிறுவனம் பிற நிறுவனங்களின் கருவிகளைக் கொண்டு பரிசோதனைகளை நடத்தியது தமக்குத் தெரியாது என்றார். அவர் ஏமாற்றப்பட்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊதியம் பெற்று அவையில் இருப்பவர், ஏமாற்றைக் கண்டறிய வேண்டிய இடத்தில் இருப்பவர். பரிசோதனை எந்தக் கருவியில் நடக்கிறது என்பது ஒரு பரிசோதனை நிறுவனத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்விகளுள் ஒன்று.

இழந்தவர்கள்

2014இல் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்குத் தெரனோஸ் அளித்த முடிவு, கரு கலைகிறது என்று பொருள்படும்படி இருந்தது. அது தவறு. அவர் பின்னர் நலமான குழந்தையைப் பெற்றார். இதை அவரே நீதிமன்றத்தில் சொன்னார். எச்.ஐ.வி. இருப்பதாகத் தவறான முடிவு பெற்ற ஒருவரும் சாட்சி சொன்னார். 2022 ஜனவரியில் நடுவர் குழு ஹோம்ஸை நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்றது. நான்கும் முதலீட்டாளர்களை ஏமாற்றியது தொடர்பானவை. நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். அவருடைய கூட்டாளி ரமேஷ் பல்வானிக்குத் தனியே நடந்த வழக்கில்தான் நோயாளிகளை ஏமாற்றியதும் குற்றமாக நிலைநாட்டப்பட்டது. அவையில் இருந்த பெரிய பெயர்கள் முதலீட்டாளரை மட்டும் ஈர்க்கவில்லை. கையை நீட்டி இரத்தம் கொடுத்தவர்களின் அச்சத்தையும் போக்கின.

வேறு இரு எடுத்துக்காட்டுகள்

ஓய்வுபெற்ற தளபதிகள் ஆலோசகராகவே இருக்கக் கூடாது என்று இதிலிருந்து முடிவுசெய்வது தவறு. வர்ஜீனியாவைச் சேர்ந்த சி.என்.ஏ. என்ற ஆய்வு நிறுவனம் முன்னாள் தரைப்படைத் தலைவர் கார்டன் சல்லிவன் தலைமையில் 11 ஓய்வுபெற்ற ஜெனரல்களையும் அட்மிரல்களையும் கொண்ட ஆலோசனை அவையை அமைத்தது. 2007இல் அது காலநிலை மாற்றத்தால் நாட்டுப் பாதுகாப்புக்கு வரும் ஆபத்துகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அவர்கள் வளிமண்டல அறிவியலில் தீர்ப்புச் சொல்லவில்லை. வறட்சியும் வெள்ளமும் இடப்பெயர்வும் படைகளை எந்த நெருக்கடிக்குத் தள்ளும் என்று, தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். சொன்னது அச்சில் இருந்தது. எவரும் படித்து மறுக்கலாம்.

இன்னோர் எடுத்துக்காட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 'மூத்த வழிகாட்டிகள்' திட்டம். ஓய்வுபெற்ற தளபதிகள் போர்ப் பயிற்சிகளில் ஊதியத்துடன் ஆலோசனை கூறினர். அவர்களில் பலர் அதே நேரத்தில் ஆயுத நிறுவனங்களிலும் பணம் பெற்றதை 2009இல் யுஎஸ்ஏ டுடே நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2010இல் ஊதியத்துக்கு வரம்பு வைத்து, நிதித் தொடர்புகளைத் தெரிவிக்கவும் ஆணையிட்டார். பெரும்பாலோர் அந்த விதிகளின்கீழ் தொடராமல் விலகினர். இங்கே அவர்களுக்குத் துறை அறிவு இருந்தது. யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதுதான் மறைந்திருந்தது.

பார்க்க வேண்டியவை

ஆலோசகர் பட்டியலில் படைத்தலைவர் ஒருவரின் பெயரைக் காணும்போது மூன்று கேள்விகள் போதும். அந்த நிறுவனம் செய்யும் வேலையில் அவருக்கு எந்தப் பகுதி தெரியும்? அவர் பெறும் பணமும் வைத்திருக்கும் பங்கும் வெளியே தெரிகின்றனவா? அவர் சொன்ன ஆலோசனை எங்காவது எழுத்தில் உண்டா? சி.என்.ஏ. அவையில் முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடை இருந்தது. மூத்த வழிகாட்டிகள் இரண்டாம் கேள்வியில் தடுக்கினர். தெரனோஸில் மூன்றுக்குமே விடை இல்லை.

சீருடையின் மீதுள்ள மதிப்பு ஒரு தளபதி தனியே ஈட்டியது ஆகாது. அவருக்குக் கீழே பணியாற்றியவர்கள், காயமுற்றவர்கள், திரும்பி வராதவர்கள் எல்லாரும் சேர்ந்து சேர்த்த முதல் அது. ஓய்வுக்குப் பின் அதை எந்த நிறுவனத்துக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்கிறவர், அந்த நிறுவனத்தை ஒரு லெப்டினன்ட் கர்னல் சோதித்த அளவுக்காவது சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.