பெட்டியைத் திறக்க முன் கேட்க வேண்டியவை: இணைய விளையாட்டின் ‘ஸ்பின்’னும் மைஸிர் பற்றிய நமது பேச்சும்

ஹட்டன் நகரில் ஒரு ஃபோன் கடை. தோட்டத்து பஸ்கள் ஒவ்வொன்றாகப் புறப்படுகிற மாலை நேரம். பள்ளிக்கூடச் சீருடையோடு வந்த ஒரு பையன் மேசையில் இருநூறு ரூபாயை வைக்கிறான். “நானா, கேமுக்குப் போட்டுத் தாங்க.” இரண்டு நிமிடத்தில் காசு ஆட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அவன் அங்கேயே நின்று சக்கரத்தைச் சுற்றினான். விழுந்தது ஏற்கெனவே அவனிடம் இருந்த ஒரு சட்டை. அதுவும் ஆட்டத்துக்குள் இருக்கிற பொம்மைக்குப் போடுகிற சட்டை. “சே, இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா துவக்கு வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

கடைக்காரர் எனக்கு உறவினர். ஐந்து வேளை தொழுகிறவர், சகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவர். மஃரிபுக்குப் பிறகு மெதுவாகக் கேட்டேன். “நான் என்ன சூதா நடத்துறேன்? ரீலோட் போடுறேன், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்னு கிடைக்கத்தானே செய்யுது? சும்மா போறதில்லையே” என்றார்.

இந்தப் பதிலை லேசாகத் தள்ளிவிட முடியாது. உலகின் பெரிய விளையாட்டு நிறுவனங்கள் சட்டத்தரணிகளை வைத்துச் சொல்கிற வாதமும் இதுதான். ஆனால் நமது ஜும்ஆ மேடைகளிலிருந்து இதற்கு வருகிற பதில் பெரும்பாலும் ஒரே வரி: “கேம் ஹராம்.” எந்த கேம், அதில் எந்தப் பகுதி, எந்தக் காரணத்தால் என்ற விளக்கம் இல்லை. பந்து உதைக்கிற ஆட்டமும் காசு கட்டிச் சுற்றுகிற சக்கரமும் ஒரே மூட்டையில் கட்டப்படுகின்றன. இளைஞர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆகவே மூட்டையை முழுதாகவே கீழே போட்டுவிடுகிறார்கள்.

பொருளை முதலில் சரியாகப் பார்ப்போம். ‘லூட் பொக்ஸ்’ என்பது மூடிய பெட்டி. காசு கொடுத்து வாங்குகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும். சில ஆட்டங்களில் அது பெட்டி, சிலவற்றில் சுழல் சக்கரம், சிலவற்றில் விளையாட்டு வீரர்களின் அட்டைப் பொதி. வடிவம் மாறினாலும் வேலை ஒன்றே. அரிய பொருள் ஒன்று முன்னால் காட்டப்படும். கைக்கு வருவது பெரும்பாலும் மலிந்த பொருள். காசு நேராகவும் போவதில்லை. முதலில் ஆட்டத்தின் நாணயமாக மாறுகிறது, பிறகுதான் சுற்றாக மாறுகிறது. இருநூறு ரூபாய் என்ற கணக்கு அந்த இடைவெளியில் பிள்ளையின் மனதிலிருந்து மறைந்துவிடுகிறது. “இத்தனை சுற்றுக்குள் நிச்சயம் கிடைக்கும்” என்று சில ஆட்டங்கள் உறுதியும் தருகின்றன. அது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில், பாதி தூரம் வந்தவனைத் திரும்பிப் போகவிடாத கயிறு அது.

இது சூதா? உலகம் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுண்டர் ஸ்ட்ரைக் ஆகிய ஆட்டங்களின் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்றது. பணயம் உண்டு, வெற்றி தோல்வி உண்டு, முடிவைத் தீர்மானிப்பது தற்செயல்: இவை போதும் என்பது அதன் நிலை. நெதர்லாந்தில் ஃபிஃபா பொதிகளுக்காக ஈ.ஏ. நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 1 கோடி யூரோ தண்டத்தை, 2022 மார்ச்சில் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் இரத்துச் செய்தது. பொதி தனி ஆட்டமல்ல, திறமையால் ஆடுகிற பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதி என்றது. பிரித்தானியச் சட்டம், கிடைத்த பரிசுக்குப் பணமதிப்பு உண்டா என்று பார்க்கிறது; 2022 இல் அந்த அரசாங்கம் புதிய சட்டம் வேண்டாமென்று முடிவெடுத்தது. சீனா 2017 முதல் வாய்ப்பு வீதத்தை வெளியிடச் சொன்னது.

பக்கத்தில் தமிழ்நாட்டைப் பாருங்கள். ஒன்லைன் ரம்மியில் பணமிழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு 2022 இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது, சட்டமும் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமை ஆட்டங்கள் என்று விலக்கியது. அங்கே விவாதம் முழுவதும் ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்ற ஒற்றைக் கேள்வியில் நின்றது. மூடிய பெட்டியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பெட்டி திறக்க என்ன திறமை வேண்டும்? ஆனால் அது திறமை ஆட்டம் ஒன்றின் வயிற்றுக்குள் ஒளிந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. நமது நாட்டிலும் 2025 இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது. கசினோ, பந்தயம், ஒன்லைன் சூது பற்றியெல்லாம் பேசினோம். ஹட்டன் பையனின் சக்கரம் பற்றி எவரும் பேசவில்லை.

சட்டங்கள் பிரிவது அவை எடுத்துக்கொண்ட வரையறையால். ஆகவே நமது வரையறை என்ன என்பதை நாமே தேடவேண்டும். நிறுவனங்களின் வாதம் மூன்று: ஏதோ ஒன்று எப்போதும் கிடைக்கிறது, கிடைத்ததைக் காசாக்க முடியாது, இது ஒரு வேடிக்கை மட்டும்தான்.

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். அல்குர்ஆன் தடுத்த மைஸிர் எப்படி நடந்தது என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கு வைப்பார்கள். பத்து அம்புகள்: ஏழுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறும் அம்பு. பைக்குள்ளிருந்து ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் அம்பு வரும். வெறும் அம்பு வந்தவன் ஒட்டகத்தின் விலையைக் கட்டவேண்டும். வென்றவன் என்ன செய்தான்? இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, ஏழைகளுக்குக் கொடுத்தான். கொடுத்ததைச் சொல்லிப் பெருமையடித்தான். ஆட்டத்தில் சேராதவனைக் கஞ்சன் என்று இகழ்ந்தார்கள்.

இந்தச் செய்தியை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். வென்றவன் காசாக எதையும் கொண்டுபோகாத ஒரு சூதைத்தான் வேதம் முதலில் எதிர்கொண்டது. அவன் வென்றது பெயரை. ‘சேராதவன் கஞ்சன்’ என்ற கூச்சலை அப்படியே இன்றைய வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள்: நல்ல ‘ஸ்கின்’ இல்லாத பிள்ளையைக் கூட்டாளிகள் எப்படிக் கேலி செய்கிறார்கள் என்று ஓர் ஆசிரியரிடம் கேளுங்கள். காசாக்க முடியாது என்பதால் மைஸிர் இல்லை என்ற வாதம், மைஸிரின் மூல வடிவத்தின் முன்னாலேயே விழுந்துவிடுகிறது. போதாதற்கு, சில ஆட்டங்களின் பொருட்களும் கணக்குகளும் வெளியே விலைக்குப் போவதும் எல்லோரும் அறிந்ததே.

அல்பகரா 219 ஆம் வசனம் மைஸிரில் பயன் கொஞ்சம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பாவம் அதைவிடப் பெரிது என்கிறது. ஏழைக்குக் கிடைத்த இறைச்சி அந்தப் பயன். நமது நாட்டில் லொத்தர் வருமானத்தில் ஒரு பங்கு மஹாபொல புலமைப்பரிசிலுக்குப் போவதைச் சுட்டிக்காட்டுகிறவர்களுக்கும் பதில் அங்கேயே இருக்கிறது.

இனி முதலாவது வாதம்: ஏதோ ஒன்று கிடைக்கிறதே? இங்கே நேர்மையாக இருக்கவேண்டும். ஃபுகஹாக்களின் பரவலான விளக்கப்படி, கிமார் என்பது கலந்துகொள்கிற ஒவ்வொருவரும் இலாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவில் நிற்கிற நிலை. இங்கே நிறுவனம் ஒருபோதும் நட்டப்படுவதில்லை. ஆகவே இது முழுமையான கிமார் அல்ல, ஒரு விற்பனை என்று ஒருவர் சொன்னால் அந்த வாதத்தில் நியாயமிருக்கிறது. சரி, விற்பனை என்றே வைப்போம். அப்போது இன்னொரு வாசலில் மாட்டிக்கொள்கிறது. கல்லெறி விற்பனையையும் கரர் விற்பனையையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. கல்லை எறி, அது எந்தத் துணியில் விழுகிறதோ அது உனக்கு: அந்த வியாபாரத்திலும் வாங்குகிறவன் வெறுங்கையோடு போகவில்லை; ஏதோ ஒரு துணி கிடைத்தது. ஆனாலும் தடுக்கப்பட்டது. விற்கப்படும் பொருள் இன்னதென்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டுமென்பது நாம் பின்பற்றுகிற ஷாஃபிஈ மத்ஹபின் நிபந்தனை. வாய்ப்பு வீதத்தை எழுதி வைத்தால் ஏமாற்று குறையும். ஆனால் நூற்றுக்கு ஒன்று என்று தெரிந்துகொள்வது, எனக்கு வரப்போவது எது என்று தெரிந்துகொள்வதாகாது.

மூன்றாவது, வேடிக்கை. 2019 இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன் ஈ.ஏ. நிறுவன அதிகாரி ஒருவர், பொம்மை வைத்த சொக்லட் முட்டையோடு இதை ஒப்பிட்டார். முட்டையில் பிள்ளை சொக்லட்டைத் தின்கிறது; பொம்மை மேலதிகம். பெட்டியிலோ பொம்மையை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. வாங்கியதே அந்தப் படபடப்பைத்தான். 2018 இல் ஸென்டல், கெய்ர்ன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 7,422 ஆட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வில், சூதுப் பழக்கத்தின் கடுமை கூடியவர்கள் பெட்டிகளுக்கு அதிகம் செலவழிப்பதைக் கண்டார்கள். பெட்டி சூதாடியை உருவாக்குகிறதா, சூதாடி பெட்டியைத் தேடி வருகிறானா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை. இரண்டில் எது சரியென்றாலும் பிள்ளையின் கையில் கொடுக்கத் தக்க பொருளல்ல அது.

ஆக என் முடிவு இது. காசு கொடுத்து வாங்குகிற மூடிய பெட்டி, தன்மையில் மைஸிர். விற்பனை என்று பெயர் மாற்றினால் கரர். விளையாடிச் சேர்த்த புள்ளிகளால் மட்டும் திறக்கிற பெட்டி வேறு. விலையும் பொருளும் தெரிந்து நேராக வாங்குகிற சட்டை வேறு. அவற்றில் வீண்விரயம் பற்றிப் பேசலாம், சூது என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை மிம்பரில் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

இதுவரை சொன்னது வாங்குகிறவனைப் பற்றி. நாம் பேசாமல் விடுகிற பக்கம் மேசைக்கு இந்தப் பக்கம். மலையக நகரங்களில் பல கடைகளை நடத்துகிறவர்கள் நாம். வாடிக்கையாளரில் பெரும்பகுதி தோட்டத்து மக்கள். 2020 இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது ஒன்லைன் வகுப்புக்காகக் கடன்பட்டு லயத்துக்கு ஃபோன் வாங்கினார்கள். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையேறினார்கள். வகுப்பு முடிந்தது, ஃபோன் மிஞ்சியது. 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயமானது. அந்தக் கணக்கில் அந்தப் பையன் மேசையில் வைத்த இருநூறு, அட்டை கடித்துக் கொழுந்து பறித்த ஒரு தாயின் நாளில் ஏழில் ஒரு பங்கு. அரைப்பேர் விழுந்த நாளென்றால் இன்னும் அதிகம்.

“எங்கட பிள்ளைகளின் தீன் என்னாகும்” என்று கவலைப்படுகிறோம். நல்லது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் காசு நமது கல்லாவுக்குள் வருவதைப் பற்றிய கவலை எங்கே? மாயிதா அத்தியாயம் பாவத்தில் உதவாதீர்கள் என்கிறபோது வாங்குகிறவனின் மார்க்கத்தைக் கேட்கவில்லை. சூதாட வா என்று நண்பனை அழைத்தவனே ஸதகா கொடுக்க வேண்டுமென்று ஹதீஸ் இருக்கிறது. கடைக் கண்ணாடியில் ‘ஸ்பின்’ விளம்பரத்தை ஒட்டிவைப்பது அழைப்பில்லாமல் வேறென்ன?

நான் சிறுவனாக இருந்தபோது, அட்டையில் ஒட்டிய மடிப்புக் கடதாசியைக் கிழித்தால் பலூனோ விசிலோ கிடைக்கும் என்ற விளையாட்டு நமது பெட்டிக்கடைகளிலும் தொங்கியது. அன்றும் யாரும் கேட்கவில்லை. இது அதன் பேரன்.

உறவினருக்கு நான் சொன்னது சுருக்கமானது. ஆட்டத்துக்குப் போடுகிற காசு முழுவதும் சக்கரத்துக்கே போவதில்லை, உண்மை. ஆனால் திராட்சையை மது வடிப்பவனுக்கு விற்கிற மஸ்அலாவை நாம் மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம்: அதற்குத்தான் வாங்குகிறான் என்று தெரிந்தால் ஹராம், சந்தேகமென்றால் மக்ரூஹ். உங்கள் கண் முன்னாலேயே சுற்றுகிறான், சந்தேகம் எங்கே இருக்கிறது? அதைவிட, பருவமடையாத பிள்ளையின் கொடுக்கல் வாங்கல் நமது மத்ஹபில் செல்லுபடியாவதில்லை. மிட்டாய்க்கும் கொப்பிக்கும் வழக்கம் விட்டுக்கொடுக்கலாம், இதற்கு விடாது. சீருடையில் வருகிற பிள்ளையிடம், “அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டு வா” என்று சொல்லுங்கள். விளம்பரத்தைக் கழற்றுங்கள். போகிற கமிஷன் சொற்பம்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “நான் போடாட்டி எதிர்க்கடையில போடுவான்” என்றார். போடுவான்தான். எதிர்க்கடையும் நம்முடையதுதானே. பள்ளிவாசல் நிர்வாகம் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு இந்தக் கடைக்காரர்களை மட்டும் உட்கார வைத்துப் பேசினால், ஒரு நகரத்தில் இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற காரியம் இது. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.