கலகலா

தவக்காலத்திற்கு முந்திய களியாட்ட நாட்களில், மெல்லிய மாவு நாடாக்களைப் பொரித்துச் சர்க்கரைப்பொடி தூவி உண்ணும் பட்சணத்திற்கு இத்தாலியர் ‘கியாக்கியெரே’, அதாவது அரட்டை, என்று பெயரிட்டிருக்க, ஆங்கிலம் பேசுவோர் அதன் ரூபத்தையே நோக்கி ‘ஏஞ்சல் விங்ஸ்’, தேவதூதர் சிறகு, என்றழைத்தனர்.

இராயபுரத்தில், பழைய கிறிஸ்தவத் தமிழ் ராயப்பர் என்று வழங்கிய பேதுருவின் ஆலயத்தைச் சூழ்ந்த வீடுகளில், கிறிஸ்துமஸ் நெருங்குகையில் குடும்பமே வட்டமாக அமர்ந்து, மைதாவும் முட்டையும் தேங்காய்ப்பாலும் கூட்டிப் பிசைந்த மாவைச் சுண்டைக்காயளவு கிள்ளி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச்சீப்பின் பற்களிலோ அழுத்திச் சுருட்ட, ஒவ்வொன்றும் வரியோடிய கடற்சிப்பியாகிறது. கலகலா என்னும் நாமத்தில் எண்ணெயில் பொரிந்தது தட்டில் விழும் ஓசையும், சுருட்டுவோரின் பேச்சொலியும் ஒருங்கே என் செவிக்குக் கேட்கின்றன. ஆதலால் பொரித்த இம்மாவுப் பட்சணங்களுக்குச் சிறகைவிட அரட்டையே பொருத்தமான பெயர் என்பேன்.

சர்க்கரைப்பாகில் புரட்டி, நன்கு ஆறவிட்டு, தகரடப்பாவில் மூடிவைத்தால் புத்தாண்டுவரை மொறுமொறுப்புக் குன்றாது.