லஞ்ச் பாக்ஸ் கையேடும் ஆர்எக்ஸ் 100 பிஸ்டனும்

சித்திரைப் பொருட்காட்சி நடக்கும்போது விற்கிற ரிமோட் காருக்கும், ‘ஹாபி கிரேடு’ என்று சொல்லப்படும் ரிமோட் டிரக்குக்கும் வேகத்தில்தான் வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. பொருட்காட்சிக் கார் உடைந்தால் குப்பைக்குப் போகும். ஹாபி டிரக் உடைந்தால், எந்தப் பாகம் போச்சு என்று கேட்க முடியும். அந்தப் பாகத்துக்கு ஒரு எண் உண்டு. எண்ணைச் சொன்னால் கிடைக்கும் (மதுரையில் என்றால் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும், அது வேறு கதை).

அப்படியென்றால் இந்த டிரக்குகளை விமர்சிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பழுதுபார்க்கும் வசதியைத்தான். ஆனால் நான் படித்த, பார்த்த விமர்சனங்களில் பெரும்பாலானவை பெட்டியைத் திறப்பதில் ஆரம்பித்து முதல் ஓட்டத்தோடு முடிகின்றன. பத்து வருஷம் கழித்து அந்த வண்டி எப்படி இருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. எனவே ஒரு பழைய வண்டியை, அதன் கையேட்டோடு சேர்த்து, இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வண்டி டமியாவின் லஞ்ச் பாக்ஸ். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துக் கம்பெனி 1987ல் வெளியிட்டது. 1/12 அளவு, பெரிய டயர், பின்சக்கர இயக்கம், ஒரே ஒரு 540 மோட்டார், மேலே வேன் மாதிரி பாடி. இதே சேஸிஸில் பிக்கப் டிரக் பாடியோடு வந்தது மிட்நைட் பம்ப்கின். லஞ்ச் பாக்ஸை 2005ல் மறுவெளியீடு செய்தார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பாகங்கள் மறுபடி கிடைக்க ஆரம்பித்ததுதான் அதனால் வந்த பெரிய லாபம். பழைய ஞாபகம், சின்ன வயது ஆசை என்று எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கையேடு ஒரு அருமையான தொழில்நுட்ப எழுத்து. என் வேலையில் தினமும் மோசமான டாக்குமென்டேஷன் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒவ்வொரு படியிலும் எந்த ஸ்க்ரூ என்பதை நிஜ அளவிலேயே வரைந்திருப்பார்கள். ஸ்க்ரூவைப் படத்தின் மேல் வைத்தால் போதும், மொழியே தேவையில்லை. (பிடிஎஃப் பிரின்ட் எடுக்கிறவர்கள் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் 10 மி.மீ. ஸ்க்ரூ படத்தில் 9 ஆகிவிடும்.)

என் புகார் வேறு. இந்தக் கையேடு வண்டியைக் கட்டச் சொல்லித் தருகிறது. அது தேயும் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஓட்டி முடித்ததும் மண்ணைத் துடையுங்கள் என்கிற மாதிரி பொதுவான அறிவுரை டமியா கையேடுகளில் வழக்கமாக இருக்கும். எந்தப் பாகம் முதலில் போகும், எவ்வளவு ஆட்டம் வந்தால் மாற்ற வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை.

இதற்கு நம் ஊர்த் தெருவிலேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது: யமஹா ஆர்எக்ஸ் 100. 1985ல் வந்து 1996ல் நின்றுபோன வண்டி. இன்னும் ஓடுகிறது. ஏன்? சிலிண்டர் தேயும் என்று வடிவமைக்கும்போதே எதிர்பார்த்தார்கள். தேய்ந்தால் ரீபோர் செய்து, 0.25 மி.மீ. கணக்கில் ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். எவ்வளவு தேயலாம் என்ற எல்லை சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கம்பெனி நிறுத்திய பிறகும் லேத் பட்டறையும் மெக்கானிக்கும் அதைக் காப்பாற்ற முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். லஞ்ச் பாக்ஸ் பிழைத்திருப்பது கம்பெனி மனசு வைத்ததால். நாளைக்கு அச்சை மூடிவிட்டால்?

புஷ் விஷயத்தைப் பாருங்கள். கிட்டில் பால் பேரிங் கிடையாது, சாதா புஷ்தான். பேரிங் ‘ஆப்ஷன்’. ஷிசுவோகாவில் அது சரியாக இருக்கலாம். வறண்ட வைகை மணலிலோ திருமங்கலம் பக்கத்துக் கரிசல் புழுதியிலோ ஓட்டினால், பொடிமணல் மெதுவான பிளாஸ்டிக்கில் போய்ப் பதிந்துகொள்ளும். அப்புறம் புஷ்ஷே உப்புத்தாள் மாதிரி வேலை செய்து, தன்னைவிடக் கடினமான இரும்பு அச்சை அரிக்கும். பெரும்பாலான இடங்களில் தேவைப்படுவது 5×11×4 மி.மீ. பேரிங். பேரிங் கடையில் எம்ஆர்115 என்று கேளுங்கள். மண்ணில் ஓட்ட ரப்பர் சீல் உள்ளதுதான் நல்லது. மறுவெளியீட்டில் இதையும் சேர்த்துத் தராததற்கு நியாயமே இல்லை.

ஆனால் எல்லாக் குறையையும் திருத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வேகம் கொடுத்தால் லஞ்ச் பாக்ஸின் பின் கியர்பெட்டி முறுக்கிக்கொண்டு துள்ளும். டாம்பரில் எண்ணெய் இல்லை, வெறும் ஸ்பிரிங். சொந்தக்காரர்கள் கியர்பெட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஐந்தாவதாக ஒரு டாம்பர் போட்டுச் சமாளிக்கிறார்கள். கம்பெனியே கியர்பெட்டியைத் திருத்தியிருந்தால் 1987 வண்டிக்குப் புதுப் பாகம் பொருந்தாமல் போயிருக்கும். சாஃப்ட்வேரில் பழைய பிழையை அப்படியே விட்டுவைக்கிற அதே தர்மசங்கடம். இங்கே பொருத்தம்தான் முக்கியம்.

கையேட்டில் இருந்திருக்க வேண்டிய சில விஷயங்கள். இதன் ஸ்க்ரூக்களுக்கு ஜேஐஎஸ் தலை. ஸ்டார் மாதிரி இருக்கிறதே என்று சாதா பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் போட்டால் நழுவித் தலை வழுக்கிவிடும். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையில் ‘டக்’ என்று விழும், அப்புறம் முறுக்குங்கள். பழைய மெக்கானிக்கல் ஸ்பீட் கன்ட்ரோலரோடு லிப்போ பேட்டரி போடவே கூடாது. வோல்டேஜ் இறங்கும்போது நிறுத்த அதில் எந்த ஏற்பாடும் கிடையாது, செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கெட்டுவிடும்.

பழைய லஞ்ச் பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் பாடி பளபளப்பைப் பார்க்காதீர்கள். பின் சக்கரம் இரண்டையும் கழற்றி, கியர்பெட்டியிலிருந்து அச்சு வெளியே வருகிற இடத்தைத் துடைத்து, நகத்தால் தடவுங்கள். வரி தட்டுப்பட்டால் அச்சோடு சேர்த்து மாற்ற வேண்டும், வெறும் பேரிங் போட்டால் ஆட்டம் போகாது. விலை பேசும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.