எல்லையோரத்து ஒரு கல்லறை

ஓர் எழுத்தாளரின் இளமையை ஆராய்வோர், அவர் எந்நூல்களைக் கற்றார், எவரிடம் பயின்றார் என்றே பெரும்பாலும் வினவுவர். எவருடைய துயரம் அவர் செவியில் முதலில் விழுந்தது என வினவுவோர் சிலரே. அமெரிக்கப் புதின ஆசிரியை வில்லா கேதரைப் பொறுத்தமட்டில், இவ்விரண்டாம் வினாவே நமக்கு ஒளி தருகிறது.

1873-இல் வர்ஜீனியாவில் பிறந்த கேதர், ஒன்பது வயதில், 1883-இல், பெற்றோருடன் நெப்ராஸ்காவின் புல்வெளிக்குக் குடிபெயர்ந்தார். வானமும் புல்லுமன்றி வேறொன்றும் காணப்படாத அந்நிலம் சிறுமியை அச்சுறுத்தியது. ஆனால் சுவீடன், நார்வே, பொகீமியா முதலிய நாடுகளினின்று வந்து குடியேறிய உழவர்கள் அங்கே வாழ்ந்தனர். சிறுமி குதிரையேறி அவர்தம் இல்லங்களுக்குச் சென்று, மூதாட்டியர் அரைகுறை ஆங்கிலத்தில் கூறிய கதைகளைக் கேட்டாள். வந்த புதிதில் அவள் கேட்டவற்றுள் ஒன்று, பொகீமியக் குடியானவர் ஒருவர் 1881-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட செய்தி.

அவ்விதை முளைக்க நெடுங்காலம் பிடித்தது. 1895-இல் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கேதர், பிட்ஸ்பர்க் நகரில் இதழாசிரியராகவும் பள்ளி ஆசிரியையாகவும் உழைத்தார். 1906-இல் நியூயார்க் சென்று 'மெக்ளூர்ஸ்' இதழில் பொறுப்பேற்றார். இதழ்ப்பணி படைப்பாற்றலை உறிஞ்சிவிடும் என 1908-இல் மூத்த எழுத்தாளர் சாரா ஆர்ன் ஜூவெட் அவரை எச்சரித்தார். எனினும், 1912-இல் வெளிவந்த முதற்புதினம் பாஸ்டன், லண்டன் நகரங்களின் வரவேற்பறைகளிலேயே உலவியது. மறு ஆண்டுதான் 'ஓ முன்னோடிகளே!' வழியாக அவர் தம் புல்வெளிக்குத் திரும்பினார். நகைப்புக்குரியோராகவே பெரிதும் சித்திரிக்கப்பட்டு வந்த குடியேறிய உழவரைப் புதினத்தின் நடுநாயகமாக அமர்த்தியதில் கேதர் முன்னோடியானார்.

1918-இல் வெளியான 'என் ஆன்டோனியா'வில் அப்பழைய துயரம் உருப்பெறுகிறது. வயலின் வாசிக்கும் மென்மனத்தினரான ஷிமெர்தா, கடுங்குளிர்காலத்தில் தம்முயிரைப் போக்கிக்கொள்கிறார். கத்தோலிக்கரான அவருக்காகச் செபிக்க அருகில் குருவானவர் இல்லை. நார்வேயர் தம் கல்லறைத் தோட்டத்தில் இடமளிக்க மறுக்கின்றனர். அவர்தம் நிலத்தின் எல்லை மூலையிலேயே குழி தோண்டப்படுகிறது. அங்கே புரொட்டஸ்டாண்டு முதியவர் ஒருவர் செபிக்கிறார். இறந்தவரின் பாவத்தை அவர் எடைபோடவில்லை. அயல்நாட்டிலிருந்து வந்த இம்மனிதருக்குத் தம்முள் எவரேனும் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறியிருப்பின், அவரை மன்னிக்குமாறு இறைவனை வேண்டுகிறார். பின்னாளில் அங்கே அமைந்த சாலைகள், அக்கல்லறையை மிதிக்காமல் சற்றே வளைந்து செல்கின்றன.

குறையொன்றும் உண்டு. புல்வெளியை வரலாறே இல்லாத வெற்றிடம்போல் கேதர் தீட்டுகிறார். 1870-களில் அங்கிருந்து அகற்றப்பட்ட பாவ்னீ மக்களின் துயரம் அச்சிறுமியின் செவிக்கு எட்டவில்லை போலும். கேட்டதை எழுதியவர், கேளாததை எழுதவில்லை.

கத்தோலிக்கர் பெரிதும் போற்றுவது, நியூ மெக்சிகோவின் மறைப்பணியைச் சித்திரிக்கும் அவரது 1927-ஆம் ஆண்டுப் புதினமான 'பேராயருக்கு மரணம் வருகிறது'. கத்தோலிக்கரல்லாத ஒருவர் அத்தகைய நூலைப் படைத்தது வியப்பே. ஆயினும், நாம் முதலில் பரிந்துரைப்பது ஷிமெர்தாவின் கல்லறையையே. தன்னுயிர் மாய்த்தோருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்த 1917-ஆம் ஆண்டுச் சட்டவிதி, 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பெறவில்லை. சட்டம் வழிவிட்டது. ஆனால், நம் பங்குகளில் அத்தகைய சாவு நேர்ந்த வீட்டைக் கடக்கையில், 'ஏன் செய்தார்?' என முணுமுணுக்கும் நாவு இன்னும் ஓயவில்லை. 'நாம் எதைச் செய்யத் தவறினோம்?' என்று வினவிய அம்முதியவரின் செபமே, அவ்வீட்டு வாசலில் நாம் சொல்லத் தக்க செபம்.